ரிவால்வரில் மூன்று கோடுகள்

பழைய ரிவால்வர்களின் பூர்வீகத்தைத் தேடித் தருவதை ஐந்தாறு வருடம் தொழிலாகச் செய்திருக்கிறேன். அந்தக் காலம் முழுக்க ஒரு ரிவால்வரைக்கூட நான் கையால் தொட்டதில்லை. சைகோனில் தொட்டிருந்தால் இதை எழுதுவதற்கு வெளியே இருந்திருக்க மாட்டேன்.

ரிவால்வர்கள் எல்லாம் பிரான்சில் இருந்தன. ஓய்வுபெற்ற மனிதர்களின் வரவேற்பறைகளில், வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டிகளுக்குள், துடைத்து எண்ணெய் பூசிப் படுத்திருந்தன. அவற்றின் கதைகள் மட்டும் சைகோனில் விட்டுப்போயிருந்தன. கதை இல்லாத ரிவால்வர் வெறும் பழைய இரும்பு. இன்ன அதிகாரி இன்ன ஊரில் இடுப்பில் கட்டியிருந்தார் என்று ஒரு காகிதம் சேர்ந்தால் அதே இரும்பு சரித்திரமாகிவிடும். அந்தக் காகிதத்தைத் தேடுகிறவன் நான்.

எனக்கு அதற்கு என்ன தகுதி என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. காரைக்காலில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். பிரெஞ்சை வாய்விட்டுப் படிக்க வரும். பொருள் பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வேன். அதன் பிறகு சிங்கப்பூரில் ஒரு சமையற்கட்டு, கம்போடியாவில் ஒரு மரக்கிடங்கு, அங்கே இரண்டு மாதம் மலேரியா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சைகோனுக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் இரண்டு சட்டைகள் இருந்தன. டோங் டு தெருவில் மசூதிக்குப் பின்னால் சாப்பாடு போடுவார்கள். அங்கே சாப்பிட்டு, பக்கத்துச் சந்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையில் படுத்துக்கொண்டேன். வியத்நாமின் கதவு வெளிநாட்டாருக்கு அப்போதுதான் திறந்திருந்தது. தாத்தாவின் வீட்டையும் சித்தப்பாவின் கல்லறையையும் தேடி பிரெஞ்சுக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை சைக்ளோ ரிக்ஷாவில் ஏற்றிக் கூட்டிப்போவதில் ஆரம்பித்தது. ஒருவர் ரிவால்வரின் உரிமத்தைத் தேடச் சொன்னார். கிடைத்தது. அவர் அடுத்தவருக்குச் சொன்னார். அவ்வளவுதான், நான் நிபுணன் ஆகிவிட்டேன்.

வேலை சிக்கலானதல்ல. ரிவால்வரின் புகைப்படம் வரும். உடலில் ஒரு எண், வருடம், இரண்டு மூன்று முத்திரைகள் இருக்கும். அந்த எண்ணை எங்காவது ஒரு பதிவில் ஒரு ஆளின் பெயரோடு சேர்த்துப் பார்த்துவிட்டால் முடிந்தது. பதிவுகள் இருந்தால். எழுபத்தைந்தில் வடக்கும் தெற்கும் மோதிய போர் முடிந்து ஊர் கம்யூனிஸ்டுகளின் கைக்கு மாறியபோது வீட்டுக்கு வீடு இரண்டு மூன்று நாள் காகிதத்தை வைத்தே அடுப்பெரித்தார்களாம். முத்திரை குத்தியது, சீருடை தெரிகிற படம், வெளிநாட்டு அஞ்சல்தலை ஒட்டியது எல்லாம் போய்விட்டது. ஆகவே முக்கியமான இடத்தில் எனக்கு ஒருபோதும் எதுவும் கிடைத்ததில்லை. யாரும் பொருட்படுத்தாத இடத்தில்தான் கிடைக்கும். மீன்கூடைக்கு அடியில் விரித்த பதிவேடு, தையல்காரர் அளவெடுக்கக் கத்தரித்து வைத்த உரிமப் புத்தகத்தின் பக்கம், அப்படி.

கண்டுபிடிப்பதைவிடக் கண்டுபிடித்ததைச் சொல்வதுதான் கஷ்டம். ஒருவரின் ‘கர்னல் ரிவால்வர்’ துறைமுகக் கிடங்கில் எலிகளுக்குப் பாஷாணம் வைக்கிற குமாஸ்தாவின் பெயரில் பதிவாகியிருந்தது. அதை எழுதி அனுப்பிய நாளிலிருந்து அந்த மனிதர் எனக்குப் பதிலே போடவில்லை.

சொல்தா வந்தது இந்த அனுபவங்களுக்குப் பிறகு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் பக்கம் சொல்தா என்போம். இவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பாரீஸ் பக்கத்தில் வீடு, ஊர் காரைக்கால். மூன்று வாரம் தங்கப்போவதாகச் சொல்லி, ஆற்றோரம் ஒரு ஓட்டலில் அறை எடுத்திருந்தார். காதுகள் இரண்டும் தலையோடு ஒட்டாமல் கதவு திறந்த மாதிரி விரிந்திருக்கும். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி காரைக்கால்ல எந்தத் தெரு?”

சொன்னேன்.

“அந்தத் தெருவுல எவனும் உருப்பட்டதில்லியே.”

“நானும் அந்தப் பேரைக் கெடுக்கலீங்க ஐயா.”

சிரித்துவிட்டார். பெட்டியிலிருந்து பதினொரு புகைப்படங்களை எடுத்து மேசையில் அடுக்கினார். எல்லாவற்றிலும் ஒரே ரிவால்வர். பிரெஞ்சு ராணுவத்தின் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்துமூன்று மாதிரி, ஆறு குண்டு, அடியில் கயிறு கோக்க ஒரு வளையம். ஊரில் செத்துப்போன தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்து, அப்பாவோடு கப்பலேறி, இவரிடம் சேர்ந்தது.

“தாத்தா இங்க போலீசுல இருந்தாரு,” என்றார். “ஆத்துல படகுல வந்த மூணு கொள்ளக்காரனுவளத் தனியா நின்னு சுட்டாரு. இந்தா பாரு, குழல்ல மூணு கோடு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒண்ணு.”

குழலின் குறுக்கே, விரற்கடை இடைவெளியில், மூன்று கோடுகள் துருவால் அரித்துப் பதிந்திருந்தன. நடுக்கோட்டின் மேல் குன்றிமணி அளவுக்கு ஒரு வட்டம்.

“இது என்னங்க?”

“நடுவுல நின்னவன் தலைவன். அதான் அவனுக்கு மட்டும் பொட்டு மாதிரி ஒரு அடையாளம் வச்சிருக்காரு.”

நான் குறித்துக்கொண்டேன். பிடியின் மரத்தில் கட்டம் கட்டமாகக் கீறிய பள்ளங்களில் செம்பழுப்பாக ஒரு கறை. அது ரத்தம் என்று அவருடைய சேகரிப்பாளர் சங்கத்தின் நிபுணர் எழுதியே கொடுத்திருந்தார். பிடியின் மூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அது கொள்ளைக்காரனின் கத்தியைத் தடுத்தபோது பட்டது. ரிவால்வர் திறக்காது, உள்ளே இறுகிவிட்டது. அது போரின் கடுமை. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. காகிதம் மட்டும்தான் இல்லை. அடுத்த வசந்தத்தில் சங்கத்தின் கண்காட்சி. காகிதம் இல்லாமல் கதை சொல்லாதே என்று மற்ற உறுப்பினர்கள் நக்கல் செய்கிறார்களாம்.

“அது வெளியில சொல்லுறது,” என்று குரலைத் தணித்தார். “நெசமா எனக்கு வேண்டியது அந்த மூணு பேரோட பேரு.”

“பேரு எதுக்குங்க?”

“எனக்குப் புள்ள இல்ல தம்பி. ரெண்டு கல்யாணம் பண்ணியும் இல்ல. ஊர்ல சோசியர் பார்த்துட்டுச் சொன்னாரு, மூணு உசிரு வழிய மறிச்சிக்கிட்டு நிக்குதுன்னு. நான் அவர்கிட்ட ரிவால்வரப் பத்தி வாயே தொறக்கல, தெரியுமா? முப்பது வருசமா ஊருக்குப் போறப்பல்லாம் திருநள்ளாத்துல எண்ணெய் முழுக்குப் போடுறேன், எள்ளு விளக்கு ஏத்துறேன். இனிமே புள்ள பொறக்கப்போறதில்ல, அது எனக்கும் தெரியும். ஆனா நான் போறதுக்கு முன்னால அந்த மூணு பேருக்கும் எள்ளுத்தண்ணி விட்டுடணும். பேரு சொல்லித்தானே விடணும்? மொட்டையா ‘வியத்நாம்காரங்க மூணு பேரு’ன்னா எப்படிப் போய்ச் சேரும்?”

ஆக பாரீஸில் அந்த மூன்று பிணங்களை வைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டவர், காரைக்காலில் அதே மூன்று பிணங்களுக்காகத் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் வேடிக்கை. ஆனால் சொல்லும்போது கைக்குட்டையை எடுத்து மடித்து மடித்து வைத்துக்கொண்டார். கிண்டல் செய்ய மனம் வரவில்லை. தேடித் தருகிறேன் என்றேன்.

பழம்பொருள் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரி இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். அந்த ஊரில் மூத்த பெண்ணை ‘சி’ என்றுதான் கூப்பிட வேண்டும். தமிழ் வாய்க்கு அது மரியாதையாக வரவில்லை. மனதுக்குள் அக்கா என்று வைத்துக்கொண்டேன். அவள் இந்தியர்களை அந்த ஊர்ப் பழக்கப்படி ‘சா-வா’ என்பாள். நாங்கள் பேசிக்கொள்வது வியத்நாமியில். பிரெஞ்சு காலத்துக் காகிதம், ராணுவத் தொப்பி, பொத்தான், எது கேட்டாலும் அவளிடம் அசல் இருக்கும். இல்லாவிட்டால் மறுநாள் இருக்கும்.

“என்ன சா-வா, இந்தத் தடவை என்ன வேணும்?”

“மூணு பிணம்.”

“ஆணா பொண்ணா?”

“ஆம்பளைங்க. கொள்ளைக்காரங்க. போலீஸ் சுட்டது. பேரோட வேணும்.”

“செஞ்சா நாளைக்கு வாங்கிக்கலாம். தேடினா உனக்கு வயசாகிடும்.”

“இல்லை, அசல்தான் வேணும்.”

“அசலை வச்சு அந்தக் கிழவர் என்ன செய்யப்போறார்? பெட்டியில வைக்கப்போறார். நான் செய்யுறதும் பெட்டியிலதான் இருக்கப்போவுது.”

நான் அசலையே தேடப் போனேன்.

ஒரு வாரம் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு அனுமதிக் கடிதம். ஒரு எருமை தபால்காரரை முட்டியிருந்தது. ஒரு நீதிபதியின் குடை திருட்டுப் போய் மூன்று நாள் செய்தியாகியிருந்தது. படகில் வந்து செத்த மூன்று கொள்ளைக்காரர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. குடைக்கே மூன்று நாள் எழுதியவர்கள் மூன்று பிணத்தை விட்டிருக்க மாட்டார்கள். ஆற்றோரக் கல்லறைகளைக் காவல் காக்கிறவர்களைக் கேட்டேன். எந்த வருடம் என்றார்கள். தெரியாது என்றேன். என்ன பெயர் என்றார்கள். அதைத்தான் தேடுகிறேன் என்றேன். ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்காரச் சொன்னார்.

சொல்தா தினமும் ஓட்டல் வாசலில் காத்திருப்பார். “எதாச்சும்?” என்பார். “இன்னிக்கு இல்லீங்க,” என்பேன். “மூணுல ஒண்ணாச்சும்?” என்பார். கடைக்காரி காகிதத்தைச் செய்தே தருவாளாம் என்று ஒருநாள் வேடிக்கைக்குச் சொன்னேன்.

இரண்டாவது வாரம் செட்டியார்கள் கட்டிய ஒரு கோயிலுக்குப் போனேன். அங்கே விளக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், காரைக்குடியிலிருந்து சமையலுக்கு வந்த ஒருவருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் பிறந்தவர். சாப்பிடவும் திட்டவும் போதுமான தமிழ் வைத்திருந்தார். படங்களைக் காட்டி, தாத்தா போலீஸ் என்றேன்.

“போலீஸ் பொய்,” என்றார் உடனே. “காரைக்கால் ஆளு எல்லாம் காவல். செட்டியார் கிட்டங்கி, வட்டிக்கடை, அது வாசல்ல நிக்கும். பெரிய மீசை, பெரிய கம்பு. ராத்திரி நல்லாத் தூங்கும்.”

“துப்பாக்கி?”

“சில கிட்டங்கி துப்பாக்கி வச்சிருக்கும். பயமுறுத்த.” கொஞ்சம் யோசித்தார். “சோலோன்ல சீனன் போட்டோக் கடை. வருசா வருசம் கிட்டங்கிக்கு வந்து படம் எடுக்கும். செட்டிநாட்டுக்கு அனுப்ப. அங்க கேளு. இங்க நிக்காத, எண்ணெய் கொட்டும்.”

பஸ் பிடித்து, சீனர்கள் வாழ்கிற சோலோன் பகுதிக்குப் போனேன். கடை இருந்தது. அந்த சீனக் கிழவருக்கு எண்பதை நெருங்கும். இப்போது கல்லறைகளில் பதிக்கிற பீங்கான் வில்லைகளில் இறந்தவர்களின் முகத்தை அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வியாபாரம் குறைவில்லை என்றார். அப்பா காலத்துப் படங்கள் இருக்கிறதா என்று கேட்டேன்.

“கண்ணாடித் தட்டுல எடுத்ததுதானே? இருக்கு. கொல்லையில போய்ப் பாரு.”

கொல்லையில் கோழிக்கூண்டு இருந்தது. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. சில துண்டுகள் தெளிவாக இருந்தன, சில புகை படிந்த மாதிரி கறுத்திருந்தன.

“ஊர் மாறின வருசம் சீருடை தெரியுற தட்டையெல்லாம் சுரண்டிட்டோம்,” என்றார். “சோடா போட்டு ஊறவைச்சுச் சுரண்டணும். கை வெந்துடும். சீருடை இல்லாததைச் சுரண்டச் சோம்பல். அப்படியே கூண்டுக்கு வச்சாச்சு. கோழிக்கு வெயிலும் குறைச்சலா இருக்கும்.”

கறுத்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கல்யாணம், குழந்தை, மளிகைக்கடைத் திறப்பு விழா. ஏழாவதோ எட்டாவதோ தட்டில் வேட்டி கட்டிய ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நெகடிவ் என்பதால் முகம் எல்லாம் வெள்ளை, வேட்டி எல்லாம் கறுப்பு. அவர்களுக்கு முன்னால் தரையில் நீளமாக வாழையிலை. இலையில் ஒரு தட்டெழுத்துப் பொறி, சாவிக்கொத்து, ஒரு பெரிய பூட்டு, தராசு. கடைசியில் ஒரு ரிவால்வர். அதன் குழலின் குறுக்கே மூன்று கறுப்புக் கோடுகள்.

பிடியின் மூலையைப் பார்த்தேன். சில்லு பெயர்ந்திருந்தது.

நெகடிவில் கறுப்பாக இருப்பது நிஜத்தில் வெள்ளை. குழலில் மூன்று வெள்ளைக் கோடுகள், நடுவில் ஒரு வட்டம். அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் என் நெற்றியில் பார்த்தது. ஊரில் சைக்கிளிலும் தையல் மெஷினிலும் அரிவாள்மணையிலும் பார்த்தது. ஆயுத பூஜையன்று மூன்று விரலைத் திருநீற்றில் தோய்த்து ரிவால்வரின் குறுக்கே இழுத்திருக்கிறார்கள். நடுவே குங்குமம் வைத்திருக்கிறார்கள். ஈரத் திருநீறு வருடத்துக்கு வருடம் அதே இடத்தில் ஏறி, இரும்பை அரித்து, மூன்று பேரைக் கொன்றுவிட்டது. பிடியில் இருந்த ரத்தம் சந்தனமும் குங்குமமும். பொட்டு மாதிரி என்று சொல்தா தன் வாயாலேயே சொன்னார். நெற்றி நிறைய விபூதி பூசுகிற ஊரில் பிறந்த நாங்கள் இரண்டு பேர், பதினொரு படங்களை வைத்துக்கொண்டு அதைக் கொலைக்கணக்கு என்று பேசிக்கொண்டிருந்தோம்.

கிழவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “ஓ, இவங்களா! உங்க ஆளுங்க வருசத்துல ஒருநாள் சாமான்களுக்குச் சோறு போடுவீங்களே, அது. நானே அப்பாவோட போயிருக்கேன். பொரியும் கடலையும் நிறைய கிடைக்கும்.”

“இந்தத் துப்பாக்கி ஞாபகம் இருக்கா?”

“அது துப்பாக்கியா? வாசல்ல மாவிலை கட்ட அந்தக் காவல்காரர் அதாலதான் ஆணி அடிப்பார். சந்தனம் உள்ள போய்க் காய்ஞ்சு சிமெண்ட் மாதிரி ஆகிடுச்சு, திறக்கவே வராது. அப்பா கேலி பண்ணுவார். திருடன் வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டா, ‘அவன்கிட்ட யார் சொல்லப்போறா?’ன்னு சொல்லுவார் அந்த ஆள்.”

வரிசையின் ஓரத்தில் கம்பு பிடித்து நின்றவரைப் பார்த்தேன். முண்டாசு கட்டியிருந்தார். காதுகள் கதவு திறந்த மாதிரி விரிந்திருந்தன.

கிழவர் மறுநாள் ஒரு பிரதி போட்டுத் தந்தார். தட்டைத் திரும்பக் கூண்டில் வைக்கச் சொன்னார். இல்லாவிட்டால் நாய் வந்துவிடும்.

ஓட்டல் அறையில் சொல்தா அந்தப் படத்தை ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தார்.

“இது யாரு?”

“உங்க காதைத் தொட்டுப் பாருங்க ஐயா.”

தொட்டுப் பார்த்தார். “கையில கம்பு வச்சிருக்காரே.”

“காவல்காரருங்க. செட்டியார் கிட்டங்கியில.”

“அந்த மூணு கோடு?”

“திருநீறு. சரஸ்வதி பூஜைக்குப் பூசினது.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி அடித்ததையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். முப்பது வருடமாகத் தோளில் கிடந்த மூன்று பிணங்களை ஒருவன் வந்து இறக்கிவைக்கிறான். ஒரு காப்பியாவது வாங்கித் தருவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“தாத்தா யாரையும் சுடல.”

“இல்லீங்க.”

“ஒருத்தரையும்?”

“அது சுடவே சுடாதுங்க.”

“அப்ப எனக்கு ஏன் புள்ள இல்ல?”

எண்ணும் முத்திரையும் பார்க்கத் தெரிந்தவனிடம் கேட்கிற கேள்வி இல்லை அது.

அவர் படத்தைப் பெட்டிக்குள், சட்டைகளுக்கு நடுவில் வைத்தார். “தம்பி,” என்றார். “அந்தக் கடைக்காரி செஞ்சு தருவான்னு சொன்னியே. சங்கத்துக்குக் காட்ட ஒரு பாப்பியே, அதான் காகிதம், வேணும். அதுல மூணு பேரு எழுதச் சொல்லு.”

“ஐயா, அப்படி யாருமே இல்லைங்களே. எள்ளுத்தண்ணிய யாருக்கு விடுவீங்க?”

“இத்தன வருசம் யாருக்கோ எண்ணெய் ஊத்தினேன்ல? திடீர்னு நிறுத்துன்னா எப்படி? போ, போய் எழுதி வாங்கிட்டு வா.”

அக்கா எதிர்பார்த்த மாதிரியே சிரித்தாள். “வயசாகிடும்னு சொன்னேன்ல?” பழைய பதிவேட்டிலிருந்து எழுதாத தாள் ஒன்றை உருவினாள். பழைய மையைக் கலக்கினாள். இன்ன ஆற்றில் இன்ன துறையில் ஒரே படகில் வந்த மூன்று கொள்ளைக்காரர்கள் என்று பிரெஞ்சில் அழகாகச் சாய்ந்த கையெழுத்தில் எழுதிக்கொண்டே போனாள். பெயர் எழுத வேண்டிய இடம் வந்தபோது நிறுத்தவில்லை, யோசிக்கவில்லை. மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டாள்.

“மூணு பேருக்கும் ஒரே குடும்பப் பேரா?” என்றேன். “சந்தேகம் வராதா?”

“அண்ணன் தம்பி மூணு பேரு சேர்ந்து கொள்ளையடிக்கக் கூடாதுன்னு சட்டமா?”

“யாரு அக்கா இவங்க?”

மையை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டு ஆளுங்க. என் அண்ணனுங்க. ரெண்டு பேர் இந்தப் பக்கப் பட்டாளம். ஒருத்தன் அந்தப் பக்கம். ஒருத்தனும் வரலை. எந்த நாள் செத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. நாள் தெரியாம எங்க வழக்கத்துல எப்படிப் படைக்கிறது? அம்மா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா.” தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “மூணு பேரும் ஒரே படகுல ஏறுறது இதுதான் முதல் தடவை. வீட்டுல இருந்தப்போ ஒரே பாய்ல உட்கார மாட்டானுங்க.”

“கொள்ளைக்காரங்கன்னு எழுதியிருக்கியே.”

“அதைவிட மோசமா ரெண்டு பக்கமும் எழுதியாச்சு. உன் கிழவர் தண்ணி விடுவாரா மாட்டாரா? அதைச் சொல்லு.”

விடுவார் என்றேன். அந்தத் தாளுக்கு அவள் என்னிடம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அவளோடு பழகிய காலத்தில் அது நடந்தது அந்த ஒரு முறைதான்.

விமான நிலையத்துக்குப் போகிற டாக்ஸியில் சொல்தாவிடம் சொன்னேன், இந்த மூன்று பேரும் நிஜமாகவே செத்தவர்கள் என்று. அவர் தாளை விரித்து மடியில் வைத்திருந்தார்.

“யாரு சுட்டா?”

“உங்க தாத்தா இல்லீங்க.”

“அது தெரியுது,” என்றார் எரிச்சலாக. “இந்தப் பேர எப்படிச் சொல்லணும்? நீ சொல்லு, நான் சொல்லுறேன்.”

நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். வியத்நாமியில் ஒரே எழுத்தை இழுத்தால் ஒன்று, அமுக்கினால் வேறொன்று. இரண்டாவது பெயர் அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. டிரைவர் தாங்க முடியாமல் திரும்பிப் பார்த்து ஒரு முறை சரியாகச் சொல்லிக் காட்டினார். சொல்தா “மெர்சி,” என்று நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் தப்பாகவே சொன்னார்.

ஆடி மாதம் கழிந்து காரைக்காலிலிருந்து சொல்தாவின் கடிதம் வந்தது. கண்காட்சியில் சங்கத்து நிபுணர் பூதக்கண்ணாடி வைத்து அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாத அசல் என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். நக்கல் செய்தவர்கள் கை குலுக்கினார்களாம். கிட்டங்கிப் படத்தை அங்கே கொண்டுபோகவில்லை. வீட்டில் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். ஆடி அமாவாசையன்று கடற்கரையில் மூன்று பேருக்கும் செய்துவிட்டார். செத்த நாள் தெரியாதவர்களுக்கும் அமாவாசை பொது என்று ஐயர் சொன்னாராம். பெயரை மூன்று முறை கேட்டுவிட்டு, கோத்திரம் என்ன என்றாராம். ‘எனக்கு என்ன தெரியும், என்னுடையதையே சொல்லிவிட்டேன்’ என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பழம்பொருள் தெருவுக்குப் போனேன். அக்கா ஒரு தொப்பியின் உள்பட்டையைக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வரி வரியாகப் படித்து அவளுக்குப் புரியும்படி சொன்னேன். கோத்திரத்தை விளக்கத்தான் கொஞ்சம் நேரமானது. அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட என்ன குடுத்தாங்க?” என்றாள்.

“சோத்துல எள்ளு கலந்து உருண்டை பிடிச்சு, கடல்ல கரைக்கிறது.”

“நுக் மாம்?”

மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கிற அந்தச் சாறு இல்லாமல் அந்த ஊரில் யாருக்கும் சோறு இறங்காது.

“இல்லைக்கா. எங்க வழக்கத்துல அன்னிக்கு மீன் ஆகாது.”

“அப்போ நடு அண்ணன் சாப்பிட்டிருக்க மாட்டான்,” என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அடுத்த வருசம் ரெண்டு சொட்டாவது விடச் சொல்லி எழுது.”

அன்றைக்கே எழுதிப் போட்டேன்.